பயப்படுவது ஈமானின் குறைவா? கழுத்தை இன்னொருவர் கையில் கொடுக்கும் முன்

 



இன்று தலைவலியைப் பற்றிப் பேசப் போகிறோம். ஜும்ஆ பயானில் தலைவலியா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி யாருக்கு இருக்கிறதோ அவரிடம் கேட்டுப் பாருங்கள். தலையின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடிப்பது போல இருக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். அடுப்பில் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். ஒரு தடவை வந்தால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருந்துவிட்டுத்தான் போகும். ஆண்களை விடப் பெண்களுக்கு இது அதிகம். வெளியே காயம் எதுவும் தெரியாது. அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்படி வருடக்கணக்கில் கஷ்டப்படுகிற ஒருவரிடம் யாரோ சொல்கிறார்கள்: கைரோபிராக்டரிடம் போங்கள், கழுத்தெலும்பைச் சரிசெய்தால் இது போய்விடும் என்று. லண்டனிலும் டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் வாழும் நம் மக்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. கடைத்தெருவிலேயே பலகை இருக்கும். முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தி, திருப்பி, நெட்டி முறிப்பது போலச் செய்கிற சிகிச்சை அது. அவரும் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிவிடுகிறார். நாள் நெருங்க நெருங்கப் பயம் வருகிறது. செல்போனில் பார்த்த வீடியோவும் அதில் கேட்ட அந்த "டக்" சத்தமும் இரவில் நினைவுக்கு வருகின்றன.

வீட்டில் வாய் திறந்து சொன்னால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒருவர், "அல்லாஹ் மேல தவக்குல் வச்சுட்டுப் போ, எதுக்குப் பயப்படுற?" என்கிறார். இன்னொருவர், "தவக்குல் இருந்தா இந்த வைத்தியமெல்லாம் எதுக்கு? ஓதி ஊதிக்கிட்டுப் படு" என்கிறார். ஒருவர் போகச் சொல்கிறார், ஒருவர் போகாதே என்கிறார். இருவரும் தவக்குல் என்ற ஒரே வார்த்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நடுவில் அந்தச் சகோதரியின் வாய் அடைபட்டுப் போகிறது. பயந்தது தன் ஈமானின் குறைவோ என்கிற கவலையும் தலைவலியோடு சேர்ந்துகொள்கிறது.

முதலில் இந்தக் கவலையை இறக்கி வைப்போம்.

மூஸா (அலை) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வோடு நேரடியாகப் பேசிய நபி. ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது தங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பதை அவர்களும் ஹாரூன் (அலை) அவர்களும் அல்லாஹ்விடமே சொன்னார்கள். சூரா தாஹாவில் இது இருக்கிறது. சூனியக்காரர்களின் கயிறுகள் பாம்புகளாகத் தெரிந்தபோது மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் அச்சம் தோன்றியதையும் அதே சூரா மறைக்காமல் சொல்கிறது. அல்லாஹ் அவர்களை ஈமான் இல்லாதவர் என்று கண்டிக்கவில்லை. தான் உடன் இருப்பதாகவும், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதாகவும் ஆறுதல் சொன்னான். இன்னொன்றையும் கவனியுங்கள். மூஸா (அலை) அவர்கள் தனியாகப் போக விரும்பவில்லை. தம் சகோதரரைத் துணைக்குக் கேட்டார்கள். அந்தத் துணை கொடுக்கப்பட்டது.

ஆகவே பயம் வருவது மனித இயல்பு. அதை வாய்விட்டுச் சொல்வதும் துணை கேட்பதும் நபிமார்கள் காட்டிய வழி. பயம் வந்தபிறகு அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்து, வைத்தியமே வேண்டாம் என்கிறவரிடம் ஒரு வார்த்தை. நம் நபி (ஸல்) அவர்களுக்கே இந்த ஒற்றைத் தலைவலி வந்திருக்கிறது. இஹ்ராமில் இருந்த நிலையில், தலையில் ஏற்பட்ட வலிக்காக அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. அதன் ஓர் அறிவிப்பில் அந்த வலிக்கு "ஷகீகா" என்ற பெயரே வருகிறது. தலையின் பாதியைப் பிடிக்கும் வலிக்கு அரபியில் சொல்லும் பெயர் அது. தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் யார்? அவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருக்கவில்லை, வைத்தியம் செய்துகொண்டார்கள். இஹ்ராமின் நேரத்தில்கூட அதைத் தள்ளிப்போடவில்லை.

அப்படியானால் எந்த வைத்தியம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போய்விட வேண்டியதுதானா? இங்கேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நமக்கு உதவுகிறார்கள். இஹ்யா உலூமித்தீனில் தவக்குலைப் பற்றிப் பேசும்போது, தீங்கை நீக்கும் வழிகளை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போல உறுதியானவை ஒரு வகை. இவற்றை விடுவது தவக்குல் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்றால் விடுவதே ஹராம். பெரும்பாலும் பலன் தரும் என்று எண்ணப்படுபவை இரண்டாவது வகை. மருத்துவத்தில் வழக்கமாக உள்ள சிகிச்சைகள் இதில் வருகின்றன. இவற்றைச் செய்வது தவக்குலுக்கு முரண் இல்லை. மூன்றாவது, வெறும் எண்ணத்தின் மேல் நிற்பவை. இவற்றில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் தவக்குலுக்குப் பொருந்தாது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. தவக்குல் வைக்கச் சொல்கிற அந்த இமாமே, எந்த வழி எவ்வளவு உறுதியானது என்று முதலில் எடை போடச் சொல்கிறார். எடை போட வேண்டுமானால் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் "தவக்குல்" என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் சோம்பலுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, எடை போட்டுப் பார்ப்போம்.

கைரோபிராக்டிக் என்பது 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. மிகப் பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் கண்ணிகள் விலகுவதே காரணம் என்று அவர் நம்பினார். இன்றைய மருத்துவ அறிவு அதை ஏற்கவில்லை. இந்தத் தொழிலில் முறையாகப் படித்தவர்களில் பலரும் இன்று அப்படிப் பேசுவதில்லை. இடுப்புவலிக்கு, முதுகுவலிக்கு இந்த முறை ஓரளவு பலன் தருகிறது என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

மைக்ரேனுக்கு? நார்வேயில் 104 மைக்ரேன் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதுபோலவே தோன்றும் பாவனைச் சிகிச்சை. மூன்றாவது குழு வழக்கமான மருந்துகளோடு இருந்தது. சிகிச்சை முடிந்தபோது மூன்று குழுக்களிலும் தலைவலி வரும் நாட்கள் குறைந்திருந்தன. பிறகு மருந்துக் குழு பழைய நிலைக்குத் திரும்பியது. மற்ற இரண்டு குழுக்களில் பலன் நீடித்தது. உண்மைச் சிகிச்சைக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கிடைத்த பலன் அநேகமாக நம்பிக்கையால் வந்தது என்றுதான் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இதைக் கேட்டதும் "அப்போ எல்லாம் ஏமாத்து" என்று முடித்துவிடாதீர்கள். ஒருவர் உட்கார்ந்து உங்கள் வலியைப் பொறுமையாகக் கேட்கிறார், உங்களைப் படுக்க வைக்கிறார், இறுகிப் போன தோளில் கை வைக்கிறார். அதில் கிடைக்கும் ஆறுதல் பொய் இல்லை. வீட்டில் அது கிடைத்திருந்தால் பாதி வலி அங்கேயே குறைந்திருக்குமோ என்னவோ. ஆனால் அந்த ஆறுதலுக்காகக் கழுத்தைத் திருகத் தேவையில்லை என்பதையும் அந்த ஆய்வு சொல்லாமல் சொல்கிறது.

இன்னொரு விஷயம். மைக்ரேன் வரும்போது பலருக்குப் பிடரியும் கழுத்தும் இறுகி வலிக்கும். அதனால் கழுத்துதான் தலைவலிக்குக் காரணம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அந்தக் கழுத்துவலி மைக்ரேனின் ஒரு பகுதியே.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். பயம் என்பது உங்கள் உள்ளம் கேட்கும் ஒரு கேள்வி. கேள்வியை அடக்கினால் பதில் கிடைக்காது. கேள்விக்குப் பயந்து ஓடினாலும் பதில் கிடைக்காது. அது என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தச் சத்தத்துக்குப் பயமா? அது எலும்பு உடைகிற சத்தமோ, விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமோ இல்லை. மூட்டுகளுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுவால் ஒரு சிறு வெற்றிடம் உண்டாகிறது. அப்போது எழும் சத்தம் அது. விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் இதே சத்தம்தான். தெரிந்துகொண்ட உடனே இந்தப் பயம் பாதி போய்விடும்.

கழுத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமா? இந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கழுத்தெலும்புகளின் ஓரமாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் செல்கின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பியதைத் தொடர்ந்து அந்த நாளத்தின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. மிக அரிது. சிகிச்சையால்தான் கிழிந்ததா, ஏற்கெனவே கிழியத் தொடங்கிய வலிக்காகத்தான் அவர் சிகிச்சைக்கே போனாரா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பு காணப்படுவதால், சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இருதய சங்கம் 2014-லேயே அறிவித்தது. ஆகவே இந்தப் பயம் கோழைத்தனம் இல்லை. உங்கள் உடல் அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதைக் காக்கிற பயம் இது.

நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்பதே வேடிக்கையானது. ஊரில் முடிவெட்டும் கடையில் தலையைக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவர் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் "மடக்"கென்று திருப்பும்போது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்ட ஆண்கள் நம்மில் எத்தனை பேர்! அவர் கழுத்தைப் பற்றி எங்கே படித்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பழகியதற்குப் பயப்பட மாட்டோம், புதியதற்குப் பயப்படுவோம். இத்தனைக்கும் கழுத்து ஒன்றுதான்.

கேட்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்று அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டது. அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவர்கள்தான் அவரைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

இறந்தவர் பயந்தார், கேட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. தெரியாமலே உறுதியாகப் பதில் சொன்னவர்கள் மேல்தான் அந்தக் கோபம். நண்பர்களே, "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா" என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! "எனக்குப் போச்சு, உனக்கும் போகும்" என்று ஒருவருடைய கழுத்தின் மேல் நம் அனுபவத்தை ஏற்றிவிடுகிறோம்.

எனவே கேளுங்கள். முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: இது மைக்ரேன்தானா, வேறு எதுவுமா? தடுப்பு மருந்துகள் இருக்கின்றனவா? மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரைகளே தலைவலியைத் தொடர வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் கேளுங்கள். திடீரென்று இடி விழுந்தது போல வந்த தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வந்த வலி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வந்த வலி, ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாக வந்த வலி, இவற்றோடு கைரோபிராக்டரிடம் போகவே கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இமாம் கஸ்ஸாலி சொன்ன முதல் வகை இது. இங்கே தாமதிப்பதை யாரும் தவக்குல் என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

பிறகு, கைரோபிராக்டரிடமும் கேளுங்கள். காயம் பட்ட ஒருவருக்காக இரண்டு வைத்தியர்கள் வந்தபோது, உங்களில் மருத்துவத்தில் சிறந்தவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தாவில் ஒரு செய்தி வருகிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர், விளையும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸும் உண்டு. ஆக, "எங்கே படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பிரிட்டனில் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலில் பதிவு செய்யாத ஒருவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று அழைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம். அந்தப் பதிவை நீங்களே இணையத்தில் பார்க்கலாம். மலேசியாவிலும் பாரம்பரிய மருத்துவத்துக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தத் தொழில் வருகிறது.

என் மைக்ரேனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை தடவை வர வேண்டும், பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவீர்கள், இதில் என்ன ஆபத்து என்று கேளுங்கள். ஆபத்தே இல்லை என்று சிரித்துக்கொண்டு சொல்பவரிடமும், முதல் நாளிலேயே ஒரு வருடத்துக்குப் பணம் கட்டச் சொல்பவரிடமும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

"கழுத்தை வேகமாகத் திருப்ப வேண்டாம், தோளையும் முதுகையும் மட்டும் மென்மையாகப் பாருங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மேசையில் படுத்த பிறகும் "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். பலருக்கு உள்ளே போகத் தைரியம் இருக்கும். இந்த வார்த்தையைச் சொல்லத்தான் தைரியம் வராது. பணம் கட்டிவிட்டோமே, அவர் என்ன நினைப்பாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்போம். அங்கே தேவைப்படுகிற துணிச்சல் அந்த "வேண்டாம்" என்பதுதான்.

சகோதரிகளே, வெட்கத்தால் வருகிற பயமும் உண்டு. பெண் கைரோபிராக்டர் வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் மஹ்ரமையோ நம்பகமான ஒரு பெண்ணையோ கூட அழைத்துப் போங்கள். தேவை எந்த அளவோ அந்த அளவுக்குத்தான் அனுமதி. மேலாடையோடே பார்க்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் முடியும். மூஸா (அலை) அவர்கள் துணை கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

போய்விட்டு வந்த பிறகு இதுவரை இல்லாத கடும் கழுத்துவலி, தலைசுற்றல், பொருள்கள் இரண்டாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது என்று எது வந்தாலும் காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

இவ்வளவும் விசாரித்த பிறகு ஒருவர் போகலாம், ஒருவர் போகாமல் இருக்கலாம். மைக்ரேனுக்கு மட்டும் என்றால் கழுத்தைத் திருகும் சிகிச்சை மூன்றாவது வகைக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது என்பது என் கருத்து. டாக்டரின் தடுப்பு மருந்தை முதலில் பார்க்காமல் அங்கே போவதை நான் சொல்ல மாட்டேன். வேறொருவர் வேறு விதமாக எடை போடலாம். போனவரைத் தவக்குல் இல்லாதவர் என்றோ, போகாதவரைக் கோழை என்றோ பேச நமக்கு உரிமை இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. மனைவிக்கோ மருமகளுக்கோ தலைவலி என்றால் விளக்கை அணையுங்கள், டிவியைக் குறையுங்கள், பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள், அன்று சோற்றை நீங்கள் வடியுங்கள். குனிந்தால் வலி கூடுகிறது என்கிறவர் தொழுகையில் உட்கார்ந்து தொழட்டும், ஸுஜூதைச் சைகையால் செய்யட்டும். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது அவர்களின் நோய்க்காகத்தான். ரமளானில் வலி தாங்க முடியாமல் நோன்பை விட்டவரை நோயாளியாகவே பாருங்கள். பிறகு களா செய்துகொள்வார். அந்தச் சலுகையைக் கொடுத்தவன் அல்லாஹ்.

இந்த ஜும்ஆவுக்கு வர முடியாமல் இருட்டறையில் படுத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.